மூன்று காரும் ஒரு தவிட்டுத் தொட்டியும்

பச்சமுத்து சிலேட்டில் இரண்டே வரி எழுதினார். 'உனக்குக் குரல் இருக்குது. கை தாராளம்.' எழுதிவிட்டுப் பெண்டாட்டி பக்கம் திருப்பிக் காட்டினார்.

மலர்க்கொடி படித்துப் பார்த்தாள். மறுக்க ஒன்றும் இல்லை. தேவனாம்பட்டினம் கரையில் இருபத்தாறு வருஷம் மீன் ஏலம் விட்டவர் பச்சமுத்து. போன தீபாவளிக்கு முன்னால் தொண்டையில் கட்டி என்று அறுத்தார்கள், குரலும் கூடவே போய்விட்டது. அன்றிலிருந்து நாலு மாதமாக ஏலம் விடுவது மலர்க்கொடிதான். ஆனால் அது தற்காலிகம் என்பது கரைக்கே தெரியும். ஏலத்துக்கு அடிக்கிற பித்தளைக் கைமணியைப் பச்சமுத்து இன்னும் தன் தலைமாட்டிலேயே வைத்திருந்தார். காலையில் எடுத்துக் கொடுப்பார், ஏலம் முடிந்ததும் வாங்கி வைத்துக்கொள்வார். மணி யார் கைக்கு ஒரேயடியாகப் போகிறதோ அவர்களுக்குத்தான் ஏல இடம். அதைக் கேட்டு நின்றவர்கள் இரண்டு பேர். ஒன்று மலர்க்கொடி, மற்றது பச்சமுத்துவின் அக்கா மகன் விஜயகுமார்.

விஜயகுமாருக்குக் குரல் சுமார்தான். ஆனால் யாருக்கும் ஒரு நெத்திலியைக்கூடச் சும்மா கொடுக்க மாட்டான். மலர்க்கொடி கதை வேறு. மீன் கூறு ஏலம் போனதும் எடுத்தவர் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டால் போச்சு, பக்கத்துக் கூறிலிருந்து இரண்டு மீன் அவர் கூடையில் விழும். கொசுறு. கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை சும்மா கொடுப்பதில்லையா என்பது அவள் வாதம். கறிவேப்பிலைக்காக யாரும் ராத்திரியில் கடலுக்குப் போவதில்லை என்பது பச்சமுத்துவின் வாதம். இதை எழுத அவருக்குச் சிலேட்டின் இரண்டு பக்கமும் தேவைப்பட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒருத்தருக்கும் கொசுறு போட்டதில்லை. படகுக்காரர்களுக்கு அவரைப் பிடிக்கும். வாங்க வருகிறவர்களுக்கு அவரைக் கண்டால் பயம், சிலர் வருவதையே விட்டுவிட்டார்கள். அவர் அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் சிதம்பரத்திலிருந்து கார் ஏலம் வந்தது. இரண்டாயிரத்து ஒன்பது, மாசி மகத்துக்குச் சாமிகள் எல்லாம் கடலுக்கு வந்து குளித்துவிட்டுப் போன மறுவாரம்.

சிதம்பரத்தில் கலியமூர்த்தி, கலைமணி என்று அண்ணன் தம்பி. அவர்களுடைய அப்பா ராமாமிர்தம் நிலபுலன், ரைஸ்மில் என்று வாழ்ந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைக் காலி செய்துகொண்டு போன காலத்தில் அவர்கள் விட்டுப்போன கார்களை ஒவ்வொன்றாக வாங்கி வந்து மில் ஷெட்டில் நிறுத்தினார். ஏன் வாங்கினார் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஷெட்டை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுவது என்று பிள்ளைகள் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் ஒத்துக்கொண்ட கடைசி விஷயம் அதுதான். அண்ணன் கூட்டி வந்த ஏலக்காரரைத் தம்பி நம்பவில்லை. தம்பி பிடித்து வந்த ஏலக்காரரை அண்ணன் வாசலோடு அனுப்பிவிட்டார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை தமிழ்ச்செல்விதான் கடைசியில் வழி சொன்னாள்.

"எங்க ஊரு கரையில ஒரு அம்மா மீன் ஏலம் வுடுறாங்க. அவுங்கள உங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. போதுமில்ல?"

போதுமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த அம்மாவிடம் தனக்கு இரண்டு சங்கரா மீன் கூடுதலாகக் கிடைத்து வந்ததைத் தமிழ்ச்செல்வி அண்ணன்களிடம் சொல்லவில்லை.

சேதி கேட்டதும் பச்சமுத்து சிலேட்டை நன்றாகத் துடைத்தார். 'போ. விஜி கூட வருவான். ஒரு கொசுறும் போடாம வித்துட்டு வா. மணி உன்னுது.' கீழே இடமில்லாததால் ஓரத்தில் சாய்த்து எழுதினார்: 'போட்டா அவனுது.'

மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காருக்கு இன்னாத்த மாமா கொசுறு போடறது?" என்றாள். மனதார நம்பித்தான் அப்படிக் கேட்டாள்.

அவளுக்கு அந்த மணி வேண்டும். காசு ஒரு பக்கம் இருக்கட்டும். நாற்பத்து நாலு வயசு வரைக்கும் தலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு, கூப்பிட்ட வாசலில் எல்லாம் இறக்கி வைத்துப் பேரம் பேசியவள். இந்த நாலு மாதமாக நூறு ஆம்பளைகள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த ருசி கண்ட பிறகு திரும்பக் கூடையைத் தூக்க அவளுக்கு இஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பஸ் ஏறிச் சிதம்பரம் போனார்கள். மணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஜயகுமார் சட்டைப்பையில் ஒரு பேனா குத்திக்கொண்டு வந்தான்.

மில் ஷெட்டில் மூன்று கார் நின்றன. சின்னதாக, உருண்டையாக ஒரு ரெனோ. சாம்பல் நிறத்தில் ஒரு பெஜோ. மூன்றாவது சித்ரோயன், கறுப்பு, நீளம், தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நாலாவதாக மூலையில் ஒன்று கிடந்தது. சக்கரம் இல்லை, கதவு இல்லை, பின்பக்கம் மட்டும் படகு மூக்குப் போலக் கூராக இருந்தது. அதற்குள் மாட்டுக்குத் தவிடு கொட்டி வைத்திருந்தார்கள். ராமாமிர்தம் இருக்கிற காலத்திலேயே அது தவிட்டுத் தொட்டியாகிவிட்டது. கார் என்று அதை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

வாங்க வந்தவர்களை மலர்க்கொடி ஒரு பார்வை பார்த்தாள். புதுச்சேரியில் ஓட்டல் நடத்துகிற ஒருவர். சென்னையிலிருந்து வந்த, வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவர். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. பரங்கிப்பேட்டையிலிருந்து நெய்னா மரைக்காயர். துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து கருவாட்டு வியாபாரம் செய்கிறவர். பச்சமுத்துவின் கருமித்தனம் பொறுக்காமல் தேவனாம்பட்டினம் கரையைத் தலைமுழுகிய ஆட்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்த தெருக்காரர்கள். அவர்களுக்கும் தமிழ்ச்செல்வி டீ கொடுத்தாள்.

"ஒரு பக்கெட் தண்ணி குடுங்க" என்றாள் மலர்க்கொடி.

குடிக்கக் கேட்கிறாள் என்று நினைத்துச் செம்பு கொண்டுவந்தார்கள். பக்கெட்தான் வேண்டும் என்று வாங்கி, கையால் அள்ளி ரெனோ மேல் தெளித்தாள். கூறு வாடாமல் இருக்கக் கரையில் தெளிப்பார்கள். சென்னைக்காரர் ஓடிவந்து பக்கெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. ஐம்பது வருஷத்துத் தூசி. தூசிக்குத்தான் வெல."

தூசிக்கு விலை உண்டு என்று மலர்க்கொடிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பக்கெட்டை விஜயகுமாரிடம் கொடுத்துவிட்டாள். அடுத்து, மீனுக்குச் செவுளின் சிவப்பைக் காட்டுவது போல எதையாவது தூக்கிக் காட்டாமல் எப்படி விற்பது என்று சித்ரோயன் பக்கம் போனாள். அதன் எஞ்சின் மூடி முன்பக்கம் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தூக்கியது. அப்படியே செவுள்தான். அந்தக் கார்மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது.

சென்னைக்காரர் இதற்குள் ஷெட்டைச் சுற்றிவிட்டு மூலைக்குப் போயிருந்தார். தவிட்டுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு எதையோ தடவிப் பார்த்தார். வெளியே எடுத்து உதறிக்கொண்டார். "இது சும்மா பழைய இரும்பு. காயலான் கடையில கிலோ கணக்குல போடலாம்" என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். பிறகு சாக்கை இழுத்துத் தொட்டியை மூடினார். வஞ்சிரத்தை யார் அதிகமாகத் திட்டுகிறானோ அவன் வஞ்சிரத்துக்காகத்தான் வந்திருக்கிறான் என்பது மலர்க்கொடிக்கு அத்துப்படி. ஆனால் அது மீன், இது தவிடு. அவளுக்குத் தோன்றவில்லை.

பத்து மணிக்கு மணியை அடித்தாள்.

கரையில் முதலில் பொடி மீனைத்தான் ஏலம் விடுவார்கள். விடுகிறவர் வாய்க்கும் சூடு ஏறும், வாங்குகிறவர் கையும் பழகும். அந்த வழக்கப்படி மூலையைக் காட்டினாள்.

"மொதக் கூறு, அந்தத் தொட்டி. யாரு கேக்கறது? நூறு ரூபான்னாலும் கேளுங்க. ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்."

யாரும் வாய் திறக்கவில்லை. சென்னைக்காரர் கூரையில் இருந்த புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு அண்ணன் தம்பியிடம் ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவது அவர் திட்டம். நல்ல திட்டம்தான்.

"கேக்காத கூறு ஏலக்காரி கைக்கு" என்று கரையில் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டு மலர்க்கொடி அடுத்ததுக்குப் போனாள். கலியமூர்த்தி கேட்டார், தலையாட்டினார். கலைமணி கேட்டார், அவரும் தலையாட்டினார்.

ரெனோ பத்து நிமிஷத்தில் போனது. பெஜோவும் போனது. இரண்டையும் ஓட்டல்காரர்தான் எடுத்தார், வாசலில் நிறுத்தி மேலே பூந்தொட்டி வைக்கப் போவதாகச் சொன்னார். இரண்டுக்கும் மலர்க்கொடி கொசுறு போடவில்லை. போட ஒன்றும் இல்லை என்பது ஒன்று, கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள் என்பது இன்னொன்று. விஜயகுமார் இரண்டு தடவையும் தலையை மேலும் கீழும் ஆட்டினான். பரவாயில்லை, அத்தை தேறிவிடும் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

சித்ரோயனில்தான் வண்டி நின்றது. நாலு லட்சத்துக்குக் கீழே விடக்கூடாது என்று அண்ணன் தம்பி சொல்லியிருந்தார்கள். ஓட்டல்காரரிடம் காசு தீர்ந்து போய்விட்டது. சென்னைக்காரர் வேறு எதற்கோ காத்திருந்தார். நெய்னா மரைக்காயர் மட்டும் மூன்று லட்சத்து எண்பதாயிரம் வரைக்கும் வந்து நின்றார்.

"மூணு எம்பது, மூணு எம்பது. இன்னா பாய், மூணு எம்பதுலியே நிக்கிறீங்க."

"நிக்கிறேன் தங்கச்சி. காலு வலிக்கிது."

"ஒரு தடவ தொறந்து பாருங்க. ரத்தமாட்டம் இருக்குது உள்ள."

மரைக்காயர் காரைச் சுற்றி வந்தார். இப்படி ஒரு காரில் தன் மகனை மாப்பிள்ளை ஊர்வலம் கூட்டிப்போக வேண்டும் என்று துபாயில் இருந்தபோதே அவருக்கு ஆசை. ஆனாலும் கரையில் பழகிய வாய், தன்னால் கேட்டது.

"மேல போனா கொசுறு இன்னா?"

கரையில் பழகிய இன்னொரு வாய் தன்னால் பதில் சொன்னது.

"அந்தத் தவிட்டுத் தொட்டியத் தூக்கிக்கினு போங்க."

"நாலு லட்சத்து அஞ்சாயிரம்" என்றார் மரைக்காயர்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." மணியை அடித்தாள்.

அடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. விஜயகுமாரைப் பார்த்தாள். அவன் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தான்.

சென்னைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியோடு எழுந்தார். நாற்காலி அவர் இடுப்பிலேயே மாட்டிக்கொண்டிருந்தது.

"அது தொட்டி இல்லம்மா. அமில்கார்ங்கற பிரெஞ்சு ரேஸ் கார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. இந்த தேசத்துல இன்னொண்ணு இருக்கான்னே எனக்குத் தெரியாது."

"காலையில காயலான் கடைன்னு சொன்னீங்களே" என்றாள் மலர்க்கொடி.

"அது காலையில." அவர் நாற்காலியைக் கழற்றி வைத்துவிட்டு அண்ணன் தம்பி பக்கம் திரும்பினார். "ஆறு லட்சம் தர்றேன். இப்பவே."

கலியமூர்த்தியும் கலைமணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேருக்கு நேர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பார்த்த பார்வையிலேயே சமாதானம் ஆகிவிட்டார்கள். இருவரும் சேர்ந்து மலர்க்கொடியிடம் வந்தார்கள்.

"வாய் தவறி வந்துடுச்சின்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா" என்றார் அண்ணன்.

"ஒரே ஒரு வார்த்ததான்" என்றார் தம்பி.

மரைக்காயர் தொப்பியை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டார். "நீ சொன்னா நான் வுட்டுடறேன் தங்கச்சி. நான் காரத்தான் கேட்டு வந்தேன். வாய் உன்னுது" என்றார்.

மலர்க்கொடிக்குக் கணக்கு அப்போதுதான் புரிந்தது. வாய் தவறிவிட்டது என்று சொன்னால் கொசுறு இல்லை. கொசுறு இல்லை என்றால் மணி அவளுக்கு. விஜயகுமார் உள்ளங்கையில் எழுதியதை எச்சில் தொட்டு அழித்துவிடுவான், அவன் கெட்டவன் இல்லை. ஒரு வார்த்தைதான். எல்லாரும் கேட்பதும் அதைத்தான். அதைச் சொல்ல அவளுக்கு நிஜமாகவே ஆசையாக இருந்தது.

"மொதக் கூறா அதத்தான் வுட்டேன்" என்றாள். குரல் கரையில் கேட்கிற மாதிரியே கேட்டது. "மூணு தரம் கேட்டேன். இவரு புறாவப் பாத்துகினு இருந்தாரு. கேக்காத கூறு என் கைக்குன்னு சொன்னேன், நீங்க ரெண்டு பேரும் தலையாட்னீங்க. என் கைல இருந்தத நான் போட்டேன். மூணு தரம் சொல்லி மணி அடிச்சாச்சி. அதுக்கு மேல இன்னா வாய் தவறுது?"

அதற்குப் பிறகு நிறையப் பேர் நிறையப் பேசினார்கள். அவள் மணியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். சென்னைக்காரர் மரைக்காயரைத் தனியாக அழைத்துப் போய் ஏழு லட்சம் என்றார்.

"கொசுறு வூட்டுக் கறிக்குங்க" என்றார் மரைக்காயர். "அத விக்கிற பழக்கம் எங்ககிட்ட இல்ல."

தவிட்டை மட்டுமாவது கொட்டிவிட்டுப் போகும்படி கலியமூர்த்தி கேட்டுக்கொண்டார். கொட்டிக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது மலர்க்கொடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதாள். புதுச்சத்திரம் வரைக்கும் அழுதாள். பிறகு பசித்தது. விஜயகுமார் இறங்கிப் போய் வேர்க்கடலை வாங்கி வந்து கொடுத்தான்.

"நான் பொய் சொல்ல முடியாது அத்த" என்றான்.

"யாரு சொல்லச் சொன்னா" என்று அவள் கடலையைத் தின்றாள்.

வீட்டில் அவன் உள்ளங்கையை விரித்து மாமாவிடம் காட்டினான். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். பச்சமுத்து சிலேட்டில் எழுதினார்: 'காரா?'

"காருதான் மாமா. முழு காரு."

பச்சமுத்து சிலேட்டைத் துடைத்து வைத்துவிட்டுக் கையை நீட்டினார். மலர்க்கொடி மணியைக் கொடுத்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பேச்சு என்றால் பேச்சுதான், அதைத்தானே அவளும் சிதம்பரத்தில் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் விடிந்து படகுகள் வந்தன. சுனாமிக்கு அப்புறம் கட்டிக் கொடுத்த ஏலக் கூடத்தில் வழக்கம்போல வலை காய்ந்தது. ஏலம் மணலில்தான். கானாங்கெளுத்தி கூறு கூறாகக் கொட்டிக் கிடந்தது. மணியோடு விஜயகுமார் நின்றான். பச்சமுத்து ஒரு படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மலர்க்கொடி பழைய கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, கூறு எடுக்க வந்தவர்களோடு ஓரமாக நின்றாள்.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. நெய்னா மரைக்காயர் இறங்கினார். அவருக்குப் பின்னால் பரங்கிப்பேட்டை வியாபாரிகள் பதினொரு பேர் கூடையோடு இறங்கினார்கள். எல்லாருமே ஒரு காலத்தில் இந்தக் கரைக்கு வந்தவர்கள்தான்.

விஜயகுமார் மணியை அடித்தான். "கானாங்கெளுத்தி, மொதக் கூறு. யாரு கேக்கறது? ஒரு தரம்."

யாரும் கேட்கவில்லை.

"நாங்க அந்தம்மா ஏலத்துக்கு வந்திருக்கோம்" என்றார் மரைக்காயர், மலர்க்கொடியைக் காட்டி. "ஏழு லட்ச ரூபா பொருளுக்கு வாய் மாத்தல. அவுங்க கூறுல கண்ண மூடிக்கினு கேக்கலாம்."

"ரெண்டு தரம்" என்றான் விஜயகுமார். பரங்கிப்பேட்டைக்காரர்களைப் பார்த்து உள்ளூர்க்காரர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். "மூணு தரம்."

கேட்காத கூறு ஏலக்காரன் கைக்கு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று விஜயகுமாருக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் அவன் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. மாமாவைப் பார்த்தான்.

படகுக்காரர்களும் பச்சமுத்துவைத்தான் பார்த்தார்கள். அவர் எழுந்து வந்தார். விஜயகுமார் கையிலிருந்து மணியை வாங்கினார். அவன் கொடுத்த வேகத்தைப் பார்த்தால் அவனுக்கும் அது கனமாகத்தான் இருந்திருக்கிறது. பச்சமுத்து மணலில் நடந்து போய் மலர்க்கொடியின் தலையிலிருந்த கூடையை இறக்கிக் கீழே வைத்தார். மணியை அவள் கையில் வைத்து விரல்களை மூடினார்.

மலர்க்கொடி இரண்டு தடவை செருமிக்கொண்டுதான் ஆரம்பித்தாள். அதே கூறு, பச்சமுத்து காலத்திலும் போகாத விலைக்குப் போனது. எடுத்தவர் நெய்னா மரைக்காயர். கூடையில் அள்ளிக்கொண்டு நிமிர்ந்தார்.

"கொசுறு?" என்றார்.

கரை முழுவதும் அவளைப் பார்த்தது.

"நேத்தே போட்டாச்சி பாய்" என்றாள். "இனிமே எல்லாருக்கும் சேத்து அதுதான்."

பன்னிரண்டு பரங்கிப்பேட்டைக்காரர்களும் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று தலையாட்டினார்கள்.

அப்போது பச்சமுத்து குனிந்தார். அடுத்த கூறிலிருந்து இரண்டு கானாங்கெளுத்தியைப் பொறுக்கினார். பெரிதாகப் பார்த்து ஒன்றை மாற்றி எடுத்தார். இரண்டையும் மரைக்காயர் கூடையில் போட்டார்.

"இன்னா மாமா இது?" என்றாள் மலர்க்கொடி.

சிலேட்டு வீட்டில் இருந்தது. அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அடுத்த கூறைக் காட்டினார். அவள் மணியை அடித்தாள்.